குடிநோய்க்கும் மனச்சோர்வுக்கும் போய்வந்தே சிகிச்சை பெறலாம்

நாற்றங்காலில் ஒரு மூலை மஞ்சளித்தால் மறுநாள் காலையிலேயே இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகிறோம். கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் மறுவேளைக்குக் கால்நடை மருந்தக வாசலில் நிற்கிறோம். ஆனால் அந்தப் பயிரையும் மாட்டையும் காக்கும் மனிதர் இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும், விடிந்ததும் கை நடுங்கினாலும், "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அறுப்பு முடிந்ததும் அடுத்த நடவு வந்துவிடுகிறது.

குடியை விட முடியாத நிலையும், மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வும் மருத்துவர்கள் கண்டறிந்து சிகிச்சை தரும் நோய்கள். இவற்றுக்காகப் பெரும்பாலானோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. காலையில் போய் மாலைக்குள் வீடு திரும்பலாம். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமும் இல்லை. இருந்தும் நம் நாட்டில் குடிநோய்க்கு ஆளானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று 2019-ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசின் ஆய்வு கூறுகிறது. மீதி 37 பேரைத் தடுப்பவை செலவுப் பயம், அடைத்துவிடுவார்கள் என்ற பயம், ஊர்ப் பேச்சு ஆகியவையே.

நோய் என்று எப்படி அறிவது?

குடிப்பவர் தன்னைத் தானே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கேள்விகள் இவை. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தேனா? என் குடியைப் பற்றி மற்றவர்கள் குறை சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறதா? குடித்ததை எண்ணிக் குற்ற உணர்வு கொண்டேனா? நடுக்கம் தீரவோ உடம்பு ஒரு நிலைக்கு வரவோ விடிந்ததும் குடிக்க வேண்டியிருந்ததா? இந்த நான்கில் இரண்டுக்கு "ஆமாம்" என்றால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

மனச்சோர்வுக்கும் அடையாளம் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல், நாளின் பெரும்பகுதியில் மனம் கனத்துக் கிடக்கும். முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இராது. தூக்கமும் பசியும் கெடும். "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். நம் பெண்களிடம் இது பெரும்பாலும் வேறு உருவில் தென்படுகிறது. உடம்பெல்லாம் வலி, தலைப்பாரம், அசதி என்று ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அத்தகையவர்களிடம் தூக்கத்தைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் யாராவது விசாரிக்க வேண்டும். குடியும் சோர்வும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் சாதாரணம். சோர்வை மறக்கக் குடிப்பார். குடியால் சோர்வு கூடும்.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996-ஆம் ஆண்டில் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இத்திட்டத்தின் குழுவினர் குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். நாள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

நேரில் போகத் தயங்குபவர்கள் முதலில் தொலைபேசியில் பேசலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உள்ளது.

அடைத்துவிடுவார்களோ என்ற பயம் காரணமில்லாமல் வந்ததன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டதை நாம் மறக்க முடியாது. அதற்குப் பின் சட்டம் மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அரசின் மனநல சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும், நோய் விவரத்தை மருத்துவமனை வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது.

முதல் நாள் நடப்பது

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடு. குடும்பத் தலைவருக்கு வயது 45. பத்து ஆண்டுகளாகக் குடி. கடைசி இரண்டு ஆண்டுகளாக விடிந்ததும் குடிக்காவிட்டால் வேலை ஓடாது. மனைவி நல்ல வேளை பார்த்துப் பேச வேண்டும். போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. காலையில், பிள்ளைகள் அருகில் இல்லாதபோது பேசலாம். "என்னங்க, உங்க கை நடுக்கத்துக்கு ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம், நானும் கூட வர்றேன்" என்று உடம்பைக் காரணமாக வைத்து அழைத்தால் பலர் வருவார்கள்.

மருத்துவமனையில் சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எத்தனை ஆண்டாக, நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை உண்டா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு இந்தப் பதில்களைப் பொறுத்தது. ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலின் நிலையைப் பார்ப்பார்கள். மனைவியிடம் தனியே பேசுவார்கள். இதற்கு அரை நாள் ஆகலாம்.

தானாக நிறுத்துவதில் உள்ள ஆபத்து

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் தினமும் மிகுதியாகக் குடித்தவர் மாலை போட்டோ, சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், மிகுந்த வியர்வை, இல்லாத உருவம் தெரிதல், இடம் காலம் தெரியாத பிதற்றல் ஆகியவை தோன்றும். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்க அழைத்துப் போய் உயிரைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. இது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையை முதலில் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மூளையைக் காக்கத் தயமின் என்னும் பி1 வைட்டமினும் தருவார்கள். வலிப்பு வந்தவர், கல்லீரல் மிகவும் கெட்டவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோருக்கு மட்டும் சில நாட்கள் படுக்கை தேவைப்படும். மற்றவர்கள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். மாத்திரையை வீட்டார் தம் பொறுப்பில் வைத்து, சொன்ன அளவில் கொடுக்க வேண்டும்.

ஆலோசனை என்றால் புத்திமதி அன்று

உடம்பு தேறியதும் ஆலோசனை தொடங்கும். "குடும்ப மானம் போகிறதே" என்று அதட்டுவது ஆலோசனை ஆகாது. அதை ஊரே செய்து பார்த்துவிட்டது. ஆலோசகர் கேள்வி கேட்பார். எந்த நாளில், யாருடன், எந்த வழியாக வரும்போது குடிக்கிறீர்கள்? நெல் போட்டுப் பணம் வாங்கும் நாளா, வட்டி கட்டும் நாளா, பங்காளியுடன் வரப்புத் தகராறு வந்த நாளா? அந்தந்த நாளுக்கு ஒரு மாற்றை நோயாளியே சொல்லும்படி செய்வார். பணம் வாங்கும் நாளில் மகன் உடன் போவது, சந்தையிலிருந்து வேறு வழியில் திரும்புவது, குடிக்க அழைப்பவரிடம் என்ன சொல்வது என்று முன்னரே பேசிப் பழகுவது ஆகியவை சிறியவை. ஆனால் பலன் தருபவை.

இதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களை ஆலோசகர்களாக வைத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017-ஆம் ஆண்டில் வெளியாயின. தீங்கு தரும் அளவில் குடித்தவர்களிடம் அதிகம் போனால் நான்கு தடவை பேசினார்கள். மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 100-க்கு 36 பேர் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை பேசியதில் 100-க்கு 64 பேர் தேறினர். ஆலோசனை இல்லாதவர்களில் 39 பேர். சில மணி நேரப் பேச்சுக்கு இது நல்ல விளைச்சலே.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இம்மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

சோற்றில் கலக்கும் மருந்து வேண்டாம்

"குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து மருத்துவர்கள் பயன்படுத்துவதுதான். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரும், ரத்த அழுத்தம் விழும், உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரையிலும் இந்த விளைவு இருக்கும். ஆகவேதான் நோயாளியின் சம்மதத்துடன், இதயத்தையும் கல்லீரலையும் சோதித்த பின்பே மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். அறியாமல் உண்பவர் வழக்கம்போல் குடிப்பார், விபரீதம் நேரும்.

தொடர்ந்து போவதே முக்கியம்

ஒரு தெளிப்போடு பூச்சி ஒழியாது என்பது நமக்குத் தெரியும். நிறுத்திய பிறகு வரும் முதல் மூன்று மாதமே கடினமான காலம். ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டால், "எல்லாம் வீண்" என்று சிகிச்சையைக் கைவிடுவதுதான் பெரிய தவறு. மறுநாளே மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் திட்டமாட்டார்கள்; எதனால் நேர்ந்தது என்று பார்த்து வழி சொல்வார்கள்.

கிராமத்திலேயே இது நடக்கும் என்பதற்கு மஞ்சக்குடி சான்று. சென்னை டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தார் 1989-ஆம் ஆண்டில், அப்போதைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் குடி மீட்பு முகாமைத் தொடங்கினர். முகாம் முடிந்தபின் மீண்டும் மீண்டும் வரவழைத்துப் பேசுவதையும், குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவதையும் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டங்கள் அருகிலுள்ள நகரில் நடந்தால் அவற்றுக்கும் போகலாம்; கட்டணம் இல்லை, பெயரும் வெளியே வராது.

பூச்சிமருந்துக்குப் பூட்டு

மனம் தளர்ந்தவர் இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. சாக எண்ணும் வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கிடைக்காமல் இருந்தால் உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டகங்கள் அமைத்து, தெளிப்பு நாளில் மட்டும் மருந்தை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தனர். விவசாயிகளும் அதை ஏற்றுக்கொண்டனர். நம் வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டி, சாவி வேறொருவர் கையில் என்பதே போதும். தேவைக்கு மேல் வாங்கி வைக்கவும் வேண்டாம்.

"சாகத் தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்பது தவறு. கேட்டால் பாரம் இறங்கும். "ஆமாம்" என்றால் தனியே விடாமல் உடன் இருந்து 14416-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விஷம் குடித்துவிட்டால் வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு இல்லை. காலம் கடத்தாமல் மருத்துவமனை சேர்ப்பதே உயிரைக் காக்கும்.

வரவு செலவுக் கணக்கு

நாளொன்றுக்கு 150 ரூபாய்க்குக் குடிப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 54,750 ரூபாய். சிகிச்சைக்கு முதல் மாதம் வாரம் ஒரு நடை, அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு நடை, பிறகு மாதம் ஒரு நடை என்றால் ஆண்டுக்கு 17 நடை. பஸ், சாப்பாடு நடைக்கு 200 ரூபாய் வீதம் 3,400 ரூபாய். கூலி இழப்பு நாளுக்கு 600 வீதம் 10,200 ரூபாய். ஆக மொத்தம் 13,600 ரூபாய். குடிபோதையில் வாய்க்கால் மடை திறக்க மறந்த இரவுகளையும், கறக்காமல் விட்ட மாட்டையும், பிள்ளைகள் பட்ட துன்பத்தையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த நடவு வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேட்டறிந்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தத் தேதி உதவும்.