ஓவியச் சந்தையில் 'அப்புறம் வர்றோம்' என்றவரை மறுபடி பிடிப்பது எப்படி?

வழக்கமாக ஜனவரி முதல் ஞாயிறு. அன்றைக்கு பெங்களூரு குமாரகிருபா சாலையில் வாகனங்களுக்கு இடமில்லை. கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் 'சித்ர சந்தே'வுக்காகச் சாலையையே ஓவியர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியம், வார்லி, வாட்டர் கலர், நவீன ஓவியம் என்று நூறு ரூபாயில் தொடங்கி லட்சங்கள் வரை படங்கள் வரிசை கட்டி நிற்கும். தமிழ்நாட்டு ஓவியர்களும் படங்களைப் பொதிந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரே நாள்தான். மாலையில் கடையைக் கட்டிவிட வேண்டும்.

அந்த ஒரு நாளில் ஓவியரின் காதில் ஓயாமல் விழும் வாக்கியம்: "ரொம்ப நல்லா இருக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோம்."

அவர்கள் பொய் சொல்வதில்லை. 20 ஆயிரம் ரூபாய் படத்தை நின்ற இடத்தில் வாங்க எல்லோராலும் முடியாது. சுவரை அளக்கணும், வீட்டில் பேசணும், சம்பளம் வரணும். ஆனால் பத்து நாள் கழித்து மனசு வந்தால் அந்த ஓவியரை எங்கே போய்த் தேடுவது? வாங்கிப்போன விசிட்டிங் கார்டு பேன்ட் பாக்கெட்டோடு துணி மெஷினுக்குள் போயிருக்கும். கார்டு கொடுத்தால் அடுத்த அடியை அவர் எடுத்து வைக்கணும். மெயில் ஐடி வாங்கினால் நீங்கள் எடுத்து வைக்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் அந்த வருட வருமானத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் போதாதா?

இன்ஸ்டாகிராமில் உங்கள் படத்தை யார் பார்ப்பது என்பதை அந்நிறுவனத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. கணக்கு ஹேக் ஆனால் சேர்த்த கூட்டமும் போச்சு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். சந்தையில் பார்த்த ஓவியரின் நம்பரை எத்தனை பேர் சேமிப்பார்கள்?

மெயில் பட்டியல் உங்கள் கையில் இருக்கும் ஒரு ஃபைல். எந்த நிறுவனம் கடையை மூடினாலும் அது உங்களோடு வரும். பெங்களூரில் படம் வாங்குகிறவர்களில் ஐ.டி. ஊழியர்களும் இன்டீரியர் டிசைனர்களும் உண்டு. அவர்களுக்கு மெயில் பார்ப்பது தினசரி வேலை. பூஜை அறைக்குத் தஞ்சாவூர் கிருஷ்ணரைத் தேடி வரும் பாட்டிக்கு அது சரிப்படாது. அவரிடம் போன் நம்பர் கேளுங்கள்.

எப்போது, எப்படிக் கேட்பது?

ஸ்டாலுக்குள் கால் வைத்ததுமே நீட்டக் கூடாது. ஒரு படத்தின் முன் நின்று விலை கேட்டவரிடம் கேட்கலாம். "புதுசா வரையும்போது வருஷத்துக்கு நாலஞ்சு தடவை மெயில் அனுப்புவேன். வேண்டாம்னா ஒரு வார்த்தை எழுதுங்க, நிறுத்திடுறேன்" என்றால் போதும்.

பலர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். நாற்பத்தோராவதாக எழுத வருபவர் முந்தைய நாற்பது பேரின் நம்பரையும் போனில் படம் பிடித்துவிடலாம். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, மூடிய டப்பாவில் போடச் சொல்வதே சரி. க்யூஆர் கோடும் ஒட்டலாம். ஆனால் கூட்டத்தில் நெட்வொர்க் படுத்தும் பாட்டில் அதை மட்டும் நம்ப முடியாது. எழுதியதை அவர் முன்பே வாசித்துக் காட்டுங்கள். அது 'எல்'லா, ஒன்றா? நடுவில் இருப்பது புள்ளியா, அடிக்கோடா? ஒரு எழுத்து தவறினாலும் அந்த ஆள் போனது போனதுதான்.

அவர் நகர்ந்ததும் சீட்டின் பின்னால் நீங்கள் எழுத வேண்டியது ஒன்று உண்டு: எந்தப் படத்தின் முன் நின்றார், என்ன சொன்னார். 'நீலக் குளம். ஹாலுக்கு. இன்னும் சின்ன சைஸ் கேட்டார்.' இது இல்லாத பட்டியல் வெறும் முகவரித் தொகுப்பு.

'பெயர் எழுதினால் குலுக்கல் பரிசு' என்ற உத்தியும் நடக்கிறது. டப்பா சீக்கிரம் நிரம்பும், பரிசு வேண்டியவர்களால். படம் வேண்டிய முப்பது பேர் கிடைத்தால் அதுவே பெரிது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்கணும். காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றினாலும் சட்டம் பொருந்தும். அதனால் பில் போட வாங்கிய நம்பருக்கு விளம்பரம் அனுப்புவதும், பக்கத்து ஸ்டால் நண்பரோடு பட்டியலை மாற்றிக்கொள்வதும் சரியல்ல. அந்தச் சம்மதம் உங்களுக்கு, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கொடுத்தது.

இன்னொன்று. இந்தியா ஆர்ட் ஃபேர் போல கேலரிகள் வழியாகப் படம் போகும் இடங்களில் வாங்குபவரின் விவரம் பெரும்பாலும் கேலரியிடமே தங்கும். அங்கே என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆறுவதற்குள் அனுப்புங்கள்

ஊர் திரும்பும் ரயிலிலேயே சீட்டுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிவிடலாம். முதல் மெயில் மூன்று நாளுக்குள் போகணும். ஒரு மாதம் கழித்துப் போனால் 'யார் இவர்?' என்று ஸ்பேமில் தள்ளிவிடுவார்கள். தலைப்பில் 'வணக்கம்' வேண்டாம். 'குமாரகிருபா சாலையில் நீங்கள் பார்த்த நீலக் குளம்' என்று இருக்கட்டும். உள்ளே படம், அளவு, ஃபிரேமோடு விலை, அனுப்பும் செலவு. விலையை மறைத்து 'மெசேஜ் பண்ணுங்க' என்றால் பாதிப் பேர் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள்.

எல்லோருக்கும் சேர்த்து அனுப்பினால் முகவரிகளை 'பிசிசி'யில் போடுங்கள். இல்லையென்றால் ஒருவர் ஐடி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பட்டியல் அந்த அளவுக்கு வளர்ந்தால், விலகும் பட்டன் உள்ள மெயில் சேவைக்கு மாறலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள். தஞ்சாவூர் படம் வாங்கியவருக்கு, ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், ஈரச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று நாலு வரி போனால் போதும். விற்பனைப் பேச்சே அதில் வேண்டாம். அடுத்த டிசம்பர் கடைசி வாரம், ஸ்டால் எங்கே கிடைத்திருக்கிறது என்று முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.