மூழ்க மறுத்த கப்பல்

மூழ்கவே மூழ்காது என்று 1912இல் பீற்றிக்கொண்ட கப்பல், 85 ஆண்டு கழித்து நியூயார்க்கின் நாடக வட்டாரமான ப்ராட்வேயில், லண்ட்-ஃபான்டேன் அரங்கில் அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 1997 வசந்தத்தில் அங்கே 'டைட்டானிக்' இசை நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகள். அடுக்கடுக்கான தளங்கள், ஹைட்ராலிக் விசையில் சாயும் மேடை எனப் பெரிய ஏற்பாடு. அந்தப் பளுவை இன்னோர் ஊருக்குத் தூக்கிப்போய் ஒத்திகை பார்க்க முடியாததால், நேராக ப்ராட்வேயிலேயே இறக்கிவிட்டார்கள். விசை மக்கர் செய்தது. கப்பல் சாயவில்லை. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் செத்துப்போன விபத்தை வைத்துப் பாட்டா என்று ஏற்கெனவே முகம் சுளித்தவர்களுக்கு, மூழ்காத கப்பல் அல்வாவாகக் கிடைத்தது.

இந்த முகச்சுளிப்பு தமிழ் வாசகருக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். புயலோ வெள்ளமோ ரயில் விபத்தோ நடந்தால், அதைச் சிந்தாகக் கட்டி, மலிவு விலைப் புத்தகமாக அச்சடித்துச் சந்தையில் பாடி விற்ற ஊர் நம்முடையது. துயரத்தைப் பாட்டில் சொல்வது இங்கே புதிதல்ல. ப்ராட்வேயிலோ பாட்டு என்றால் காதலும் கொண்டாட்டமும் என்ற பழக்கம் ஊறிப்போயிருந்தது.

கப்பலின் சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 1985இல். அந்தச் செய்திதான் இசையமைப்பாளர் மோரி யெஸ்டனை உசுப்பியது. கதை வசனத்துக்குப் பீட்டர் ஸ்டோன் சேர்ந்தார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வைத்து '1776' என்ற இசை நாடகத்தை எழுதியவர் அவர். கையெழுத்துப் போடுவார்களா மாட்டார்களா என்று, முடிவு தெரிந்த கதையிலேயே பார்வையாளரைப் பதற வைத்த கை. டைட்டானிக்குக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

1997 ஏப்ரல் 23இல் நாடகம் முறைப்படி தொடங்கியது. விமர்சனங்கள் இரண்டும் கெட்டானாக வந்தன. தொலைக்காட்சியில் ரோஸி ஓ'டானல் தன் நிகழ்ச்சியில் விடாமல் புகழ்ந்தது கைகொடுத்தது. ஜூனில் ப்ராட்வேயின் டோனி விருதுகள். ஐந்து பரிந்துரை, ஐந்திலும் வெற்றி: சிறந்த இசை நாடகம், கதை வசனம், பாடலிசை, வாத்தியக் கோப்பு, அரங்க வடிவமைப்பு. கிண்டலடிக்கப்பட்ட அதே அரங்கத்துக்கும் விருது என்பது தனிச் சுவை. ஆனால் நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. பிற்காலத்தில் டோனி வாங்கிய மைக்கேல் செர்வெரிஸும் விக்டோரியா கிளார்க்கும் அந்த மேடையில் இருந்தார்கள். இருந்தும் இல்லை.

காரணம் நாடகத்தின் கட்டமைப்பு. இதில் நாயகன் நாயகி கிடையாது. முதல் இருபது நிமிடம் மக்கள் கப்பலில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். கரி அள்ளுபவர், பரிசாரகர், மூன்றாம் வகுப்பில் அமெரிக்காவில் வேலை தேடிப் போகும் ஐரிஷ் பெண்கள், இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு முதல் வகுப்பை எட்டி எட்டிப் பார்க்கும் ஒரு கடைக்காரர் மனைவி, கடைசியில் கோடீசுவரர்கள். ஒவ்வொரு கூட்டமும் ஏற ஏற ஒரு குரல் வரிசை கூடுகிறது. கயிறு அவிழ்க்கும்போது எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து பாட, அரங்கமே அதிர்கிறது. இதில் யாருக்கென்று விருது கொடுப்பது?

அதே ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் கேமரூனின் படம் வந்தது. நம் ஊரில் டைட்டானிக் என்றால் ஜாக், ரோஸ், கப்பல் முனையில் கைவிரித்து நிற்பது. உலகம் முழுக்கவும் அப்படித்தான் ஆயிற்று. படத்துக்கு முன்பே வந்து பரிசு வாங்கிய நாடகத்தைப் பார்த்து, "படத்தை நாடகமாக்கிவிட்டார்களா?" என்று கேட்கும் அநியாயமும் நேர்ந்தது. 804 காட்சிகள் ஓடி, 1999 மார்ச்சில் திரை விழுந்தது. அதன்பின் இன்றுவரை ப்ராட்வே அரங்கு எதிலும் அது மீண்டும் ஏறவில்லை.

ஆனால் பாட்டு உயிரோடு இருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டே மனப்பாடம் செய்துகொண்ட ஒரு தலைமுறை வளர்ந்தது. 2013இல் லண்டனின் சவுத்வார்க் ப்ளேஹவுஸில், இயக்குநர் தாம் சதர்லண்ட் இருபது நடிகர்களோடு சின்ன அறையில் இதைப் போட்டார். ஒருவருக்கே பல வேடங்கள். ஹைட்ராலிக் கிடையாது, சாயும் மேடை கிடையாது. முந்தைய பதிப்பில் பணமும் கவனமும் எங்கே போயினவோ அதையெல்லாம் கழற்றி எறிந்தபோது, எஞ்சியது போதும் என்று தெரிந்தது. 2016இல் சேரிங் கிராஸ் அரங்கு, பிறகு பிரிட்டன் முழுக்கச் சுற்றுப்பயணங்கள். 2023 பயணத்தைப் படம்பிடித்துத் திரையரங்குகளிலும் காட்டினார்கள்.

எது எஞ்சியது என்பதற்கு ஒரு காட்சி. பாரெட் என்ற கரி அள்ளும் தொழிலாளி, கம்பியில்லாத் தந்தி அறைக்கு வருகிறான். முகத்தில் கரி. ஊரில் இருக்கும் பெண்ணிடம் தன்னை மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுத் தந்தி அடிக்க வேண்டும். அடிக்கும் பிரைட் கூச்ச சுபாவமுள்ள இளைஞன். காற்றில் வரும் முகம் தெரியாத புள்ளிகளும் கோடுகளும்தான் அவனுக்கு உறவு. ஒருவன் காதலைப் பாட, மற்றவன் தந்தியைப் பாட, இரண்டும் பின்னிக்கொள்கின்றன. இதற்கு ஒரு மேசையும் நாற்காலியும் போதும்.

இன்னொன்று, கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸின் கடைசிப் பாட்டு. படகுகள் போய்விட்டன, தண்ணீர் ஏறுகிறது. அவர் வரைபடத்தை விரித்துவைத்து, தடுப்புச் சுவர்களை மேல்தளம்வரை உயர்த்தித் திருத்தி வரைந்துகொண்டிருக்கிறார். அடுத்த கப்பல் மூழ்காது. சுவர்கள் அந்த உயரத்துக்குப் போகாததால்தான் தண்ணீர் ஓர் அறை நிரம்பி அடுத்த அறைக்கு வழிந்தது என்பது வரலாறு. விசை சரியானபின் 1997இல் இதைச் சாய்ந்த தளத்தில் பார்த்தார்கள். சாயாத மேடையில், பென்சில் பிடித்த ஒரு மனிதனின் குரலே அந்தச் சாய்வையும் சுமக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாக உறைக்கிறது.

அப்படியானால் ரசிகர்கள் ஏன் இன்னும் குறைப்படுகிறார்கள்? குரல்களுக்காக. இருபது பேர் பாடினால் கதை புரியும், கப்பல் நிறையாது. 2014 பிப்ரவரியில் நியூயார்க் லிங்கன் சென்டரில் முதல் நடிகர்கள் பலரும் கூடி, 200க்கும் மேற்பட்டோர் பாடும் சேர்ந்திசைக் குழுவோடு இதைக் கச்சேரியாக நடத்தினார்கள். 2024 ஜூனில் பழைய இசை நாடகங்களைச் சில நாள் மட்டும் மேடையேற்றும் நியூயார்க் சிட்டி சென்டரின் என்கோர்ஸ் வரிசையில், ஆன் காஃப்மன் இயக்கத்தில், பெரிய வாத்தியக் குழுவோடு மறுபடி ஏறியது. ராமின் கரீம்லூ, ஹோசே லானா, பானி மில்லிகன், ஜூடி குன் எனக் கனமான பட்டியல். ஜோனதன் ட்யூனிக்கின் விருது பெற்ற வாத்தியக் கோப்பை முழுசாகக் கேட்ட மக்கள், இதை ப்ராட்வேக்குக் கொண்டுபோங்கள் என்று அன்றே குரல் எழுப்பினார்கள். ஓட்டம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்த ஆசைக்கு ஆதாரம் உண்டு. 'சிகாகோ' 1996இல் இதே வரிசையில் தொடங்கி ப்ராட்வேக்குப் போய் இன்னும் ஓடுகிறது. 'பரேட்' 2022இல் சிட்டி சென்டரில் ஏறி அடுத்த ஆண்டே இடம்பெயர்ந்தது. டைட்டானிக்கின் சமகாலத்ததும், அதேபோல் பெருங்கூட்டம் கேட்பதுமான 'ராக்டைம்' 2024 சிட்டி சென்டர் மேடையிலிருந்து 2025இல் லிங்கன் சென்டரில் உள்ள ப்ராட்வே அரங்குக்கே வந்துவிட்டது. பிறகு இதற்கு மட்டும் என்ன?

பணம்தான். 1997இல் இதற்கு ஆன ஒரு கோடி டாலரே வாய்பிளக்க வைத்த தொகை. இன்று ப்ராட்வேயில் நடுத்தர இசை நாடகத்துக்கே அதைத் தாண்டிவிடும். முகம் தெரிந்த நட்சத்திரம் ஒருவரை வைத்து டிக்கெட் விற்பதுதான் இன்றைய வழி. நாயகனே இல்லாத நாடகத்தில் நட்சத்திரத்தை எங்கே பொருத்துவது? வேடிக்கை என்னவென்றால், அதே நகரில் 'டைட்டானீக்' (ஆங்கில எழுத்துக்கூட்டில் ஈறு மட்டும் மாறும்) என்று செலின் டியோன் பாட்டுகளை வைத்துப் படத்தைக் கலாய்க்கும் சிறு நாடகம் 2022இல் தொடங்கி மூன்று ஆண்டு ஓடிற்று. நன்றாகவே சிரிக்க வைக்கும் நாடகம், குறை சொல்ல மாட்டேன். கேலிக்குக் கிடைத்த மூன்று ஆண்டில் மூன்று மாதம் இந்த இசை நாடகத்துக்குக் கிடைக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி.

பழைய ரசிகர்களில் சிலர் சாயும் தளமும் வேண்டும் என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த விசைதான் அன்று நாடகத்தைச் சிரிப்பாய்ச் சிரிக்கவிட்டது. பிரிட்டன் பதிப்புகள் அது தேவையில்லை என்று காட்டியும்விட்டன. ஹைட்ராலிக்குக்குப் போகும் காசை மேடையில் நிற்கும் ஆட்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொடுக்கட்டும். ஏறும்போது முழுக் கூட்டம் பாடினால்தான், பின்பாதியில் அந்தக் கூட்டம் கரையும்போது நமக்கு வலிக்கும்.

மறுமேடையேற்றம் எப்போது வருமோ, அதுவரை 1997இன் ஒலிப்பதிவு இருக்கிறது. படத்தின் பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, இதன் முதல் இருபது நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்.