உப்பு விட்டுச்சென்ற துளைகளில் வளரும் திசு

எங்கள் கோலா தெர்லா பக்கம் தக்காளியை மண்ணில் நடாமல், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் வளர்ப்பவர்கள் உண்டு. தூள் பொலபொலவென்று இருக்கும்வரை வேர் தாராளமாக ஓடும். இறுகிவிட்டால் எந்த உரம் விட்டாலும் செடி வாடும். வேருக்குத் தூளைவிட அதன் நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். மனித உயிரணுக்களுக்கும் அப்படியே.

உடலில் சிறிய காயம் தானே ஆறும். பெரிய குழி விழுந்தால் புதிய உயிரணுக்கள் பற்றி ஏற அங்கே எதுவும் இருக்காது. அதற்காகத் திசுப் பொறியியலில் ஒரு சாரம் செய்கிறார்கள். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றதுதான். வேலை முடிந்ததும் தானே கரைந்துவிடும் என்பதே வித்தியாசம். இதற்கு அதிகம் பயன்படுவது பிஎல்ஜிஏ என்ற பாலிமர். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த சங்கிலி அது. உடலிலுள்ள நீர் அதன் கண்ணிகளை மெல்ல அறுக்கும். இரண்டும் சமபங்கென்றால் ஓரிரு மாதத்தில் சிதையும். லாக்டிக் மட்டும் என்றால் ஓராண்டுக்கும் மேல் நிற்கும். தானே கரையும் தையல் நூலும் 1970களிலிருந்து இந்தக் குடும்பத்துப் பொருளால் செய்யப்படுவதுதான்.

சரி, துளை போடுவது எப்படி? 1990களில் பரவிய ஒரு முறை சமையலறை வேலை போலவே இருக்கும். பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, சலித்த உப்பை அதில் கொட்டுகிறார்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்குகூட உப்பாக இருக்கலாம். குளோரோஃபார்மில் உப்பு கரையாது. கலவையை அச்சில் ஊற்றிக் குளோரோஃபார்ம் ஆவியான பிறகு, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைத்தால் உப்பு வெளியேறிவிடும். நீர் பாலிமரையும் சிதைக்குமே என்று கேட்கலாம். சிதைக்கும்தான், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். உப்புக்கல் இருந்த இடமெல்லாம் துளை. துளையின் அளவைச் சல்லடையே முடிவு செய்கிறது.

அவ்வளவு உப்பு எதற்கு? கற்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் துளைகள் இணையும். ரொட்டியை மைலோவில் தோய்த்தால் நடுவரை ஊறுகிறதே, அப்படி வழி வேண்டும். தனித்தனிக் குமிழிகளாக நின்றால் உயிரணு உள்ளே போகாது, சிக்கிய உப்பும் வெளியே வராது. சாரம் சில மில்லிமீட்டருக்கு மேல் தடித்தாலும் இதே தொல்லைதான்.

முதுகில் மனிதக் காது போன்ற ஒன்றுடன் நின்ற எலியின் படம் 1997இல் உலகைச் சுற்றியது. அந்தக் காதுக்கு உருவம் கொடுத்ததும் கரையும் பாலிமர் சாரமே. அதில் வளர்ந்தவை மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்கள். அதைப் பார்த்து, அடுத்து கல்லீரல்தான் என்று நம்பியது அவசரம் என்பேன். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மற்ற பெரும்பாலான திசுக்களில், இரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு விலகினாலே உயிரணு திணறத் தொடங்கும்.

மெல்லிய தோலில் முன்னேற்றம் எளிது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் திசுப் பொறியியல் மையம் உருவாக்கிய மைடெர்ம், நோயாளியின் சொந்தத் தோல் உயிரணுக்களைக் கொண்ட ஈரடுக்குத் தோல். அதன் சாரம் அவருடைய இரத்தத்திலிருந்தே எடுக்கும் ஃபைப்ரின். பிஎல்ஜிஏ போலச் செயற்கையல்ல, இயற்கைப் பாலிமர்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். ஆறாத புண்ணால் கால் விரலையோ பாதத்தையோ இழந்தவர்கள் தோட்டப்புறங்களில் அபூர்வமா என்ன?

மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் அறிவியலே முடிந்தது என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உயிர்மருத்துவப் பொறியியல் இளங்கலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு உயிரியல் மட்டும் போதாது, கணிதமும் இயற்பியலும் கைவசம் இருக்க வேண்டும்.