உழும்போது டிராக்டர் எஞ்சின் சூடேறுவது ஏன்?

கோடை உழவின்போது வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியை நெருங்குவதைக் கண்ட பின்னரும், "இன்னும் இரண்டு சால்தானே" என்று ஓட்டி முடிப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு சாலில் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் கருகினால், ஆகும் செலவு உழவுக் கூலியில் ஈடாகாது. பருவமும் தவறிவிடும்.

முள் ஏறியதும் கலப்பையைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுங்கள். விசிறியும் தண்ணீர் பம்பும் இயங்கிச் சூட்டைத் தணிக்கும். பேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் வெளியேறியிருந்தாலோ மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் உள்ள நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்தவுடன் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும். நன்கு ஆறிய பின், ஈரச்சாக்கை மடித்துப் போட்டு மெல்லத் திருக வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பு வெடிக்கக்கூடும்.

இனி, குறை எங்கே என்று பார்ப்போம். பலர் எடுத்த எடுப்பிலேயே எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் ரேடியேட்டரின் முகப்பைப் பாருங்கள். கதிரடித்த பிறகும், ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகும் தூசும் பதரும் வைக்கோல் துணுக்கும் அதன் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்கின்றன. விசிறி முன்புறமிருந்து காற்றை இழுப்பதால் அடைப்பு முன்புறத்தில்தான் சேரும். ஆகவே எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, குறைந்த வேகத்தில் காற்றையோ நீரையோ செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். முன்புறமிருந்து பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். கம்பியால் குத்துவது குழாயை ஓட்டையாக்கும். கதிரடிக்கும் நாட்களில் இதைத் தினமும் செய்தல் நலம்.

அடுத்து பேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கலாம். சரியான அளவு உங்கள் டிராக்டர் கையேட்டில் இருக்கும். மிகத் தளர்ந்தால் பெல்ட் வழுக்கி, விசிறி வேகம் குறையும்.

வெளியில் குறை தெரியாவிட்டால் ரேடியேட்டர் குழாய்களைக் கவனியுங்கள். முள் சிவப்பில் நிற்க, மேல் குழாய் சூடேறாமலே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது தண்ணீர் குறைவு என்று கொள்ளலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீரில் போட்டு அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்துள்ள வெப்ப அளவை எட்டியதும் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள். அது இல்லாமலே ஓட்டினால் எஞ்சின் தக்க சூட்டை அடையாது; டீசல் வீணாகி, தேய்மானமும் கூடும். மேல் குழாய் கொதித்து, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு.

இந்த உள் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் உப்புக் கிணற்று நீர்தான். சூடேறும்போது அதிலுள்ள உப்புகள் குழாய்ச் சுவரில் படிந்து, வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. நிறுவனம் பரிந்துரைக்கும் குளிர்விப்புத் திரவத்தையோ, காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றுங்கள். அலுமினிய ரேடியேட்டரில் சலவைச் சோடா கரைசல் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம், உலோகத்தை அரித்துவிடும்.

சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும், உயர் கியரில் ஆழமாக உழுவதாலேயே எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கும். ஒரு கியர் குறைத்துப் பாருங்கள்.

கசிவே தெரியாமல் தண்ணீர் குறைகிறதா? எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். தொடர்ந்து குமிழிகள் வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் போல் மாறியிருந்தாலோ, ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். அப்போது வயலுக்குப் புறப்படாமல் உடனே நிறுத்தி, தேர்ந்த மெக்கானிக்கை வரவழையுங்கள்.