தெரு அடங்கிய ஆண்டில் வீட்டுப் பண்டிகை

பண்டிகை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு அடங்கியிருக்கின்றன. தேர், திருவிழா, சந்தை, கடைவீதி, கூட்டம் ஆகியவை சேர்ந்த தெருப் பண்டிகை ஒன்று. எண்ணெய்க் குளியல், புத்தாடை, அடுப்பேறிய பானை, பெரியோர் காலில் விழுந்து பெறும் ஆசி ஆகியவை சேர்ந்த வீட்டுப் பண்டிகை மற்றொன்று. சாதாரண நாட்களில் இவ்விரண்டும் பாவும் ஊடையும் போலப் பின்னிக் கிடப்பதால் எது எங்கே முடிகிறது என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்து, மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, பாவை விட்டு ஊடையை மட்டும் உருவியது போலத் தெருப் பகுதி தனியே பிரிந்து போயிற்று. எஞ்சியது என்ன, அது தாங்கிற்றா, அதனால் நெசவாளிக்கும் பயிரிடுவோனுக்கும் நேர்ந்தது என்ன என்பவற்றைக் கூட்டுறவு அங்கத்தினர்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பயனுடையது என்று கருதி இதனை எழுதலானேன்.

முதலில் வந்தது சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 14 அன்று ஊரடங்கின் முதற் கட்டம் முடியும் என்று எல்லோரும் விரலை எண்ணிக்கொண்டிருந்தனர். அன்றுதான் அது மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் வேப்பம்பூப் பச்சடிக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை. பூ கொல்லை மரத்தில் இருந்தது. மாங்காயும் வெல்லமும் கிராமத்து வீடுகளில் இருந்தன. அவ்வாரமே ஏப்ரல் 12 அன்று வந்த ஈஸ்டர் திருநாளைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஜெபித்துக் கழித்தன. ரமலான் நோன்பில், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சிப் பலரும் கூடியருந்தும் வழக்கம் நின்று, அரசு தந்த அரிசி வீடு வீடாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கஞ்சி அந்தந்த வீட்டு அடுப்பில் காய்ந்தது. மதுரையில் மே 4 அன்று மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் சில பட்டர்களோடு கோயிலுக்குள் நடைபெற்றது. அதை நேரலையில் கண்டபடி தத்தம் இல்லங்களிலேயே பெண்கள் மாங்கலியக் கயிற்றை மாற்றிக்கொண்டனர். அழகர் வைகையில் இறங்கவில்லை. அந்த ஆண்டும் இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை.

ஆடிப் பதினெட்டை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்பட்டது. இடையில் எத்தனையோ ஆண்டுகள் தண்ணீருக்காகக் காத்திருந்து, வறண்ட ஆற்றில் குழாய்த் தண்ணீரை வைத்து ஆடிப்பெருக்குக் கொண்டாடிய டெல்டா மக்களுக்கு அது பெரும் பாக்கியம். ஆனால் அவ்வாண்டு ஆடி 18 வந்தது ஆகஸ்டு 2, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்து ஞாயிறுகள் யாவும் தளர்வற்ற முழு ஊரடங்கு நாட்கள். ஆற்றில் தண்ணீர் ஓடிற்று, கரையில் ஆளில்லை! சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் வாசலில் ஒரு குடம் நீரை வைத்து, மஞ்சளும் பூவும் இட்டு, அதையே காவிரி என்று பாவித்து வணங்கின. அதே ஆடியில், புதிதாய் மணமான மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கமும் தடைப்பட்டது. மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். அதற்குரிய காரணங்களாகத் திருமணமும், மருத்துவமும், இறப்பும் ஏற்கப்பட்டன. ஆடிக்கு மகளை அழைத்து வருவது எந்த அதிகாரியின் பட்டியலிலும் இல்லை. அப்பட்டியலில் குறை காண நான் முன்வரவில்லை. நோய் பரவும் வேளையில் அது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த ஆடியில் மகளைக் காணாத தாய்மாரின் மனம் எந்தப் பட்டியலிலும் ஏறாது என்பதும் மெய்.

நிற்க. இங்கே பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "நெசவாளிக்கு வீட்டிலேயே தறி, ஊரடங்கு அவனை என்ன செய்தது?" என்பர். தறி வீட்டில் இருப்பது உண்மை. ஆனால் தறி மட்டும் வீட்டில் இருக்கிறது. நெசவு வீட்டில் இல்லை. பட்டு கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். சரிகை சூரத்திலிருந்து வர வேண்டும். பருத்தி நூல் ஆலையிலிருந்து சங்கத்துக்கும், சங்கத்திலிருந்து உறுப்பினருக்கும் வர வேண்டும். பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சுருட்ட நாலைந்து பேர் தோளோடு தோள் நிற்க வேண்டும். தெருவில் நாலைந்து பேர் நிற்கக்கூடாது என்ற உத்தரவு பிறந்தபோது, தறியின் முதல் வேலையே நின்றுபோயிற்று. இருந்த பாவை நெய்து முடித்தவர்களுக்கும் வேறொரு கதவு அடைபட்டிருந்தது. விற்பனை நிலையங்கள் மூடியிருக்க, நெய்த துணி சங்கத்து அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. துணி விற்காத சங்கம் கூலிக்குப் பணமும் நூலுக்குப் பணமும் எங்கிருந்து எடுக்கும்? சரக்கில் முடங்கிய நடைமுறை மூலதனம் அங்கத்தினர்க்கு வெறும் கணக்குச் சொல்லாகத் தோன்றலாம். அவ்வாண்டு அது அடுப்பில் பூனை உறங்கியதற்குப் பெயராயிற்று.

பூப் பயிரிட்டவர் நிலை இதனினும் கொடிது. துணியை அலமாரியில் அடுக்கி வைக்கலாம். மல்லிகையை எங்கே அடுக்குவது? கோயில் இல்லை, கலியாண மண்டபம் இல்லை, சந்தை இல்லை என்றதும், பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாதென்று சித்திரை, வைகாசியின் நல்ல மகசூலைப் பலர் செடியிலேயே விட்டுவிட்டனர். பூவும் துணியும் பண்டிகையை நம்பிப் பிழைப்பவை. பண்டிகை சுருங்கினால் இன்னொருவன் வீட்டு உலை சுருங்குகிறது என்பதை ஏட்டில் படித்தவர் பலர். அவ்வாண்டுதான் எல்லோரும் கண்ணால் கண்டனர்.

ஆவணி மாதத்து விநாயக சதுர்த்தி ஆகஸ்டு 22 அன்று வந்தது. பொது இடங்களில் சிலை வைக்கவும் ஊர்வலம் செல்லவும் தடை இருந்தமையால் களிமண் பிள்ளையார் வீட்டு மாடத்திலேயே அமர்ந்தார். இதில் எனக்கொரு தனிக் கருத்துண்டு. ஊர்வலச் சிலைகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட இக்காலத்தில், ஒரு குடும்பம் குந்தி உட்கார்ந்து எருக்கம்பூ மாலை சூட்டும் கையளவுப் பிள்ளையாரே பழைய பிள்ளையார். இதை இங்கே விரித்துரைக்க இடமில்லை.

தீபாவளி நவம்பர் 14 அன்று வந்தது. செப்டம்பர் முதல் நாளே மாநிலத்துக்குள் இ-பாஸ் நீங்கி, அம்மாதம் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகளும் ஓடத் தொடங்கியிருந்தன. ஆதலின் போக வழி இருந்தது. போகலாமா என்பதே கேள்வி. அறுபது வயதைக் கடந்த பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு நகரத்திலிருந்து பிள்ளை வருவது அன்பா, ஆபத்தா? குடும்பங்கள் தோறும் இதற்கு வெவ்வேறு விடை கிடைத்தது. சிலர் வந்தனர். சிலர் பத்து நாள் முன்பே வந்து தனியறையில் இருந்துவிட்டுப் பின்னர் கலந்தனர். சிலர் வரவில்லை. வராதவர்களை அன்பில்லாதவர் என்று ஏசிய உறவினரும் உண்டு. அந்த ஏச்சு நியாயமற்றது என்பதே என் துணிபு. "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்பது தீபாவளியன்று ஒருவரையொருவர் கேட்கும் வழக்கம். பிற பண்டிகைகளின் வாழ்த்துகள் வாழ்த்துகளே. தீபாவளியின் வாழ்த்து ஒரு கேள்வி. கேள்விக்குத் தொலைவு தடையில்லை. விடியற்காலை நாலரை மணிக்குக் கைபேசித் திரையில் தலைநிறைய எண்ணெயோடு நிற்கும் பேரனைக் கண்டு, பாட்டி அக்கேள்வியைக் கேட்டாள். நல்லெண்ணெய்யை அவள் கையால் வைக்க முடியவில்லையே தவிர, முறை முறையாகவே நடந்தது.

மற்றொரு புதுமை, கைகழுவும் கிருமிநாசினி. சாராயச் சத்துள்ள அத்திரவத்தைக் கையில் தடவிக்கொண்டு மத்தாப்புக் கொளுத்தாதீர்கள் என்று அரசே எச்சரிக்க வேண்டியிருந்தது. நரகாசுரன் கதையில் இல்லாத கிளைக்கதை!

அத்தீபாவளியில் துணிக்கு நேர்ந்தது என்ன என்பதே நம் வாசகர்க்கு முக்கியம். நான் பார்வையிட்ட சில சங்கங்களின் விற்பனைப் பதிவேடுகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முகூர்த்தப் பட்டு அசையவில்லை. ஐம்பது பேருக்கு மேல் கூடாத கலியாணத்துக்கு யார் பத்துப் பட்டுப் புடைவை எடுப்பார்? ஆனால் பருத்திப் புடைவையும், நாலு முழ வேட்டியும், துண்டும், போர்வையும் மெல்ல நகர்ந்தன. வருமானம் குறைந்த குடும்பம் பட்சணத்தைக் குறைத்தது, வெடியைக் குறைத்தது, பயணத்தை நிறுத்தியது. வீட்டில் ஆளுக்கொரு புதுத்துணி என்பதை மட்டும் அது இலகுவில் விடவில்லை. மூலையில் மஞ்சள் தடவி, சுவாமி முன் வைத்து எடுத்துக் கொடுக்க ஒரு துண்டாவது வேண்டும் என்று நினைத்தது. கோ-ஆப்டெக்ஸ் வழக்கம்போல் அளித்த 30 சதவீதத் தள்ளுபடி அச்சிறு கொள்முதல்களுக்குக் கைகொடுத்தது. ஒரு வேட்டி விற்றது என்றால் எங்கோ ஒரு குழித்தறியில் ஓரிரு நாள் கூலி விழுந்தது என்று பொருள். பெரிய விற்பனையையே எதிர்நோக்கிப் பட்டையே நெய்து அடுக்கிய சங்கங்கள் அதிகம் தவித்தன. அன்றாடத் துணி இரகங்களையும் கைவிடாது வைத்திருந்த சங்கங்கள் மூச்சுவிட்டன. இரகத் தேர்வைப் பற்றிப் பொதுக்குழுவில் பேச எழும் உறுப்பினரை "உனக்கென்ன தெரியும்" என்று உட்கார வைக்கும் நிர்வாகிகள் இதனைக் கருத்திற் கொள்ளட்டும்.

தலைத் தீபாவளியைப் பற்றியும் ஒரு சொல். ஊரடங்கு மாதங்களில் எளிமையாக மணந்த இணையருக்கு அது முதல் தீபாவளி. மாமனார் வீட்டில் உறவு திரண்டு கேலி பேசும் கூடம் அவ்வாண்டு நாலு பேரோடு அமைதியாயிருந்தது. மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி மட்டும் குறையவில்லை. குறைத்திருந்தால் ஊர் சும்மா இருந்திருக்குமா!

இப்படி ஒதுங்கிக் கொண்டாடுவது நம் மரபுக்கு முற்றும் புதியதா என்றால், இல்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவர். அதைக் கண்டவர் உள்ளே வரார். அவ்வீட்டில் தாளிப்பதில்லை, தலைக்கு நீர் ஊற்றும் நாள் வரை வெளிப் போக்குவரவு இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பல ஊர்களில் ஊரார் இரவு வெளியூரில் தங்குவதில்லை. நம் முன்னோர் கிருமியைக் கண்டிருந்தனர் என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அவ்வகைப் பேச்சு எனக்கு உடன்பாடன்று. வாரக்கணக்கில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டும் தெய்வத்தையும் உறவையும் விடாதிருக்கும் பழக்கம் கிராமத்து வீடுகளில் முன்னமே இருந்தது என்பதே சொல்ல வந்தது. 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வேளையில் மழையும் பொய்த்தது. தானிய விலையும் துணி விலையும் ஏறின. அக்காலத்துக் குடும்பங்களுக்கு வீட்டு வாசலுக்கு அரிசி கொண்டு சேர்க்க ஓர் அமைப்பு இல்லை.

2021 பொங்கலில் அவ்வமைப்பு இருந்தது. செங்கரும்பு ஏறத்தாழப் பத்து மாதப் பயிர். சித்திரை, வைகாசியில் கரணை ஊன்றினால்தான் தையில் வெட்டலாம். 2020 சித்திரையில், ஊரே அடங்கிக் கிடந்த நாட்களில், பொங்கல் என்று ஒன்று வருமா, வந்தால் சந்தை கூடுமா என்று தெரியாமலே நம் விவசாயிகள் கரணை ஊன்றினர். மஞ்சள் கொத்துக்காகப் பாத்தி கட்டியவர்களும் அப்படியே. தை பிறந்தபோது ஏறத்தாழ 2 கோடியே 6 இலட்சம் அரிசிக் குடும்ப அட்டைகளுக்கு 2,500 ரூபாயும், பச்சரிசியும், சர்க்கரையும், முந்திரியும், திராட்சையும், ஏலமும், முந்தைய ஆண்டைப் போலத் துண்டாக அன்றி முழுக் கரும்பும் அளிக்கப்பட்டன. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளே இவற்றை வழங்கின. கூட்டம் சேராதிருக்க, இன்ன நாள் இன்ன வேளை என்று குறித்த டோக்கன்கள் முன்கூட்டியே வீடுதேடிச் சென்றன. 1983 முதல் நடைபெறும் விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்துக்கான நெசவும் அவ்வாண்டு தறிகளுக்கு வேலை தந்தது. கரும்புக் கொள்முதலில் இடைத்தரகர் நுழைகிறார் என்ற குறை ஆண்டுதோறும் எழுவது. அது தீர, தோட்டத்து வரப்பிலேயே விலை பேசி வங்கிக் கணக்கில் பணம் சேர்ப்பதன்றி வேறு வழியில்லை என்பது என் கருத்து. கடற்கரைகளில் காணும் பொங்கல் கூட்டம் தடுக்கப்பட்டது. வாசலில் பானை பொங்குவதை யாரும் தடுக்கவில்லை. அண்ணன் தங்கைக்கு அனுப்பும் பொங்கல் சீரும் போய்ச் சேர்ந்தது.

இனி எழுதுவது வருத்தமானது. 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியாயிற்று. தொற்று அடங்கிய பின் பார்க்கையில், அரசுக் கணக்குப்படி மாநிலத்தில் மாண்டோர் ஏறத்தாழ 38,000 பேர். அவர்களில் நம் சங்க உறுப்பினர்களும் உண்டு. இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. பங்காளி வீடுகளிலும் பலகாரச் சட்டி ஏறாது. ஆகவே கடைகள் திறந்து, பேருந்துகள் ஓடி, தெரு மீண்ட 2021 தீபாவளியில், எத்தனையோ வீடுகள் விளக்கை மட்டும் ஏற்றி அமைதியாயிருந்தன. முந்தின ஆண்டு அதற்கு நேர்மாறு: தெரு இருண்டிருந்தது, வீடு நிறைந்திருந்தது. இவ்விரண்டில் எது இழப்பு என்று எந்தத் தாயைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வாள். 2020-இல் ஊருக்கு வராமல் கைபேசியில் பேசிய பிள்ளையை ஏசியவர்களும் அதற்குப் பின் ஏசவில்லை.

2022 தைப் பொங்கலில் மூன்றாம் அலை. ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதியில்லை. காணும் பொங்கலான 16 ஞாயிறு முழு ஊரடங்கு. ஆனால் அதற்குள் மக்களுக்குப் பழகிவிட்டது. எவரும் பதறவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று அழகர் வைகையில் இறங்கினார். கரை கொள்ளாத கூட்டம்.

துக்கம் கழிந்த வீட்டுக்கு உறவினர் புதுத்துணி எடுத்துச் சென்று, பண்டிகையை மீண்டும் தொடங்கி வைப்பது நம்மிடையே வழக்கம். நான் சென்றிருந்த ஒரு சங்கத்தில், 2021-இல் மறைந்த நெசவாளி ஒருவரின் வீட்டுக்கு 2022 தீபாவளிக்கு முன் அத்தெருவார் சேர்ந்து அவ்வாறு சென்றனர். அவருடைய சேமிப்புத் தொகையும் காப்பீட்டுத் தொகையும் முந்திய ஆண்டே குடும்பத்துக்குக் கிடைத்திருந்தன. அவர் தறியில் பாதி நெய்து நின்ற புடைவையை அவர் மனைவி முடித்துச் சங்கத்தில் ஒப்படைத்திருந்தார். தெருவார் அதே புடைவையைச் சங்கத்தில் விலை கொடுத்து வாங்கி, தாம்பாளத்தில் வைத்து அந்த அம்மையார் கையிலேயே கொடுத்தனர்.