ராணி ஓட்டம்! பாதிப் படை மாயம்!!

புதுக்கோட்டை மாவட்டத்தில் பங்குனி பிறந்தால் வேம்பும் புங்கையும் பூத்துக் குலுங்கும். தேன் பருவம்! ஆனால் வீட்டுத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான்: "உங்க பெட்டி பிரிஞ்சுதா?"

பெட்டியில் கூட்டம் பெருத்தால் அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறைகள் தொங்கும். அறைக்கு மூடி விழுந்ததும் பழைய ராணி கிளம்பி விடும். கூடவே பாதிப் பட்டாளமும்! அதுவும் சும்மா போகாது. வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுத்தான் போகும்.

கிளையில் கொத்து

ஓடிய கூட்டம் முதலில் பக்கத்து மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். அப்போது அவ்வளவாகக் கொட்டாது. தண்ணீர் தெளித்து, துணிப் பையில் இறக்கி, பொழுது சாய்ந்ததும் காலிப் பெட்டியில் விட்டு, சர்க்கரைப் பாகு வைக்கணும். வேறு பெட்டியிலிருந்து புழு உள்ள அடை ஒன்றும் கொடுத்தால் பெரும்பாலும் நகராது. தாமதித்தால் மரப்பொந்துக்குப் போய்விடும்!

நோய் கண்ட பெட்டியில் மட்டும் அடை எடுக்கக் கூடாது. 1991-92ல் பரவிய 'தாய் சாக் புரூட்' வைரஸ் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களைக் கூண்டோடு அழித்தது.

வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதே நல்லது. ராணி அறை தெரிந்தால் அந்தச் சட்டத்தையும் கொஞ்சம் ஈக்களையும் புதுப் பெட்டிக்கு மாற்றலாம். மற்ற ராணி அறைகளைக் கிள்ளி எறியணும். ஒரு பெட்டி ரெண்டாகும்!

சந்தேகமா? வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். ராணி கிளம்பும் முன்னே நாம் கிளம்பணும்!