மண்டப டெகரேஷன், கேட்டரிங் பண்றீங்களா? அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி போன்லயே ஒப்பந்தம் போடுங்க

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் டெகரேஷன், கேட்டரிங், சவுண்ட் சர்வீஸ் பண்றவங்ககிட்ட "அக்ரிமென்ட் இருக்கா?"ன்னு கேட்டா, "வாட்ஸ்அப்ல பேசியிருக்கோமே"ங்கறாங்க.

உண்மையில அதுவும் ஒப்பந்தம்தான். மின்னணு வழியா ஏற்பட்டதுங்கற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாமப் போகாதுன்னு தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 10ஏ சொல்லுது. 2010-ல டிரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்குல, முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே மின்னஞ்சல்ல பேசி முடிச்சதை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு.

சிக்கல் என்னன்னா, பாதி வாய்ஸ் நோட்ல இருக்கும், மீதி நேர்ல பேசினதா இருக்கும். புக் பண்றது தாய்மாமா, பணம் போடறது அப்பா, கடைசி நேரத்துல மேடையை மாத்தச் சொல்றது பொண்ணோட அக்கா! யார் சொன்னா மாத்தணும், கூடுதல் செலவு யாரோடதுன்னு முதல்லயே எழுதிடுங்க.

அதைவிட முக்கியம், ரத்து. "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது"ன்னு பில் புக்ல அச்சடிச்சிருந்தா போதும்னு நினைக்காதீங்க. ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74-படி, எழுதின தொகை வெறும் உச்சவரம்புதான். அதுக்குள்ள நியாயமான இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும். அதனால முப்பது நாளுக்கு முன்னாடி ரத்து பண்ணா எவ்வளவு, பூ ஆர்டர் போட்டு ஆளுங்களுக்கு முன்பணம் கொடுத்த பிறகுன்னா எவ்வளவுன்னு, உங்க கையை விட்டுப் போற செலவை ஒட்டிப் படிப்படியா எழுதுங்க.

2020 ஊரடங்கு மாதிரி நிகழ்ச்சியே நடத்த முடியாமப் போனா கதை வேற. பிரிவு 56-படி ஒப்பந்தமே செல்லாததாகி, பிரிவு 65-படி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டி வரலாம். "இப்படி நடந்தா வேற தேதிக்கு மாத்திக்கலாம், அதுவரைக்கும் ஆன செலவு இப்படிக் கழியும்"னு ஒரு வரி இருந்தா ரெண்டு பக்கமும் சண்டை இல்ல.

அடுத்தது ஜிஎஸ்டி. பதிவு பண்ணவங்க சேவைக்கு வாங்கற அட்வான்ஸுக்கும் வரி கட்டணும். டெகரேஷனுக்கு வரியையும் சேர்த்து ஒரு லட்சம் வாங்கினா, 18 சதவீதத்துல 15,254 ரூபாய் அரசாங்கப் பணம். ரசீது வவுச்சர் கொடுங்க, திருப்பித் தந்தா ரீஃபண்ட் வவுச்சர். ரத்துக் கட்டணமா எடுத்துக்கிட்டாலும் அந்தச் சேவைக்கான வரி விகிதம்தான்னு 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை சொல்லுது. "தொகை ஜிஎஸ்டி உட்பட" அல்லது "ஜிஎஸ்டி தனி"ன்னு குறிப்பிடலன்னா அந்த 15,254 உங்க லாபத்துலதான் கைவைக்கும்.

பெரிய ஆர்டருக்கு ஆதார் இ-சைன் வாங்கிடுங்க, ஓடிபி போட்டா முடிஞ்சுது. சின்ன ஆர்டருக்கு ரெண்டு பக்க பிடிஎஃப் அனுப்பி, "படிச்சேன், சம்மதம்"னு பணம் போடறவர் நம்பர்லயிருந்தே பதில் வாங்குங்க. யுபிஐ குறிப்புல கொட்டேஷன் நம்பரைப் போடச் சொல்லுங்க. வழக்குன்னு போனா சாக்ஷிய அதினியம், 2023, பிரிவு 63-படி சான்றிதழோட இதையெல்லாம் தாக்கல் பண்ணணும். அதனால வெறும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு ஒரிஜினல் சாட்டை அழிச்சிடாதீங்க, போன் மாத்தும்போது பேக்கப்பையும் பார்த்துக்கோங்க.